கேட் தேர்வை மறுபடி எழுத வேலையை விடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு. வயது 25. புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 20 மாதமாக வேலை. கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. கைக்கு வருவது 28,000 ரூபாய். 2024 நவம்பரில் எம்.பி.ஏ.வுக்கான கேட் தேர்வு எழுதினேன், 88.4 பெர்சென்டைல்தான் வந்தது. இந்த நவம்பரில் மறுபடி எழுத ஆசை. ஜூலையில் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஐந்து மாதம் தங்கி கோச்சிங் போகலாம் என்றிருக்கிறேன். கட்டணம் 68,000. ஹாஸ்டல் சாப்பாட்டோடு மாதம் 9,500. ஓய்வுபெற்ற அப்பா தன் 3 லட்ச ரூபாய் எஃப்.டி.யை உடைத்துத் தருகிறேன் என்கிறார். தம்பி கல்லூரியில் முதலாமாண்டு. என் பி.எஃப். பணத்தையும் எடுத்துக்கொள்ளலாமா? போன தேர்வின் மதிப்பெண் விவரத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: தாராளமாக மறுபடி எழுதுங்கள். ஆனால் வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள்.

உங்கள் கணக்கில் செலவு 68,000மும் ஐந்து மாத ஹாஸ்டல் 47,500மும் சேர்த்து 1,15,500 ரூபாய். பெரிய செலவு ஒன்று அதில் விட்டுப்போயிருக்கிறது. ஜூலையில் வேலையை விட்டால், இடம் கிடைத்துக் கல்லூரியில் சேர்வதற்கு அடுத்த ஜூன் ஆகிவிடும். பதினோரு மாதம் சம்பளம் இல்லை. 28,000 வீதம் அதுவே 3,08,000. ஆக மொத்தம் 4,23,500 ரூபாய். கோச்சிங் கட்டணம் இதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதைத்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள், சம்பளத்தை யாரும் எண்ணுவதில்லை. கம்பெனி கொடுக்கும் குரூப் மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும். பல ஐ.ஐ.எம்.கள் (மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகள்) நேர்காணலுக்கு ஆள் எடுக்கும்போது வேலை அனுபவ மாதங்களுக்கும் மதிப்பெண் போடுகின்றன. 20 மாதத்தில் நிறுத்துவது அங்கேயும் நஷ்டம்தான்.

சரி, இவ்வளவு கொடுத்து எதை வாங்கப் போகிறீர்கள்? நீங்கள் அனுப்பிய விவரத்தை இரண்டு தடவை பார்த்தேன். கணக்கில் 95 பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 95 பேர் உங்களுக்குக் கீழே. தரவு விளக்கத்திலும் தர்க்கத்திலும் 93, ஆங்கில வாசிப்பில் 71. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவருக்குக் கணக்கு வரத்தானே செய்யும்! மொத்தத்தை இழுத்துக் கீழே போட்டது ஆங்கிலம். அந்தப் பகுதியில் 24 கேள்விகள், 40 நிமிடம். நீங்கள் 22க்கு விடை எழுதியிருக்கிறீர்கள். 10 சரி, 12 தவறு. தவறானவற்றில் 10 கொள்குறி வகை. சரியான விடைக்கு 3 மதிப்பெண், கொள்குறி வகையில் தவறினால் 1 குறையும், விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் குறையாது. அதாவது 30இல் 10 போய் 20. அந்தப் பத்தில் உறுதியில்லாத ஐந்தைத் தொடாமல் விட்டிருந்தாலே 25 ஆகியிருக்கும். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

2024இல் கேட் எழுதியவர்கள் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர். 88.4 என்றால் உங்களுக்கு மேலே சுமார் 34,000 பேர். 99க்குப் போனால் அது 3,000க்குள் வந்துவிடும். இந்தத் தூரத்தை ஒரே பகுதியில் நீங்கள் இழந்ததைத் திரும்பப் பிடித்துத்தான் பெரும்பாலும் கடக்கவேண்டும். பல கல்லூரிகள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் வைத்திருப்பதால், கணக்கில் இன்னும் ஏறி ஆங்கிலத்தை ஈடுகட்டிவிடலாம் என்றும் நினைக்கமுடியாது. சென்னை வகுப்பில் பாதி நேரம் கணக்குக்கும் தர்க்கத்துக்கும் போகும். தெரிந்ததையே 68,000 கொடுத்து மறுபடி கேட்கப் போகிறீர்கள்.

ஆங்கிலப் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு, நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்வது. அதை வகுப்பில் யாரும் ஊட்டிவிட முடியாது, தினமும் படித்துப் படித்துத்தான் வரும். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி என்று எழுதியிருந்தீர்கள். அரியாங்குப்பத்தில் வண்டி நின்றுவிட்டால் இன்னும் கூடும். போகும்போது நீளமான ஆங்கிலக் கட்டுரை இரண்டு. பொருளாதாரம், தத்துவம், உயிரியல் என்று உங்களுக்குப் பிடிக்காத விஷயமாகவே தேடி எடுங்கள், தேர்விலும் அப்படித்தான் வரும். ஒவ்வொன்றும் முடிந்ததும் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஒரே வரியில் போனில் குறித்துவையுங்கள். வரும்போது தூங்கலாம், தப்பில்லை. லீவு நாளில் உட்கார அமைதியான இடம் வேண்டுமானால் கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

செலவு செய்தே ஆகவேண்டியது மாதிரித் தேர்வுகளுக்கு. ஆன்லைனில் ஒரு முழுத் தொகுப்பு சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். அதற்கு முன், கேட் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் பழைய வினாத்தாள்களை முடியுங்கள். தேர்வு காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையாக நடப்பதால், ஞாயிறு மாதிரித் தேர்வையும் வேளை மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய பதினைந்து நாளுக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் 14,000 போகும். அது நியாயமான செலவு. இதற்கு மேலும் ஆங்கிலத்துக்கு மட்டும் தனியாக ஆன்லைன் வகுப்பு சேர்ந்தால் அதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கோச்சிங் சேரத்தான் போகிறேன் என்றால் ஒரு எச்சரிக்கை. என் அக்கா மகனுக்கு ஓர் இடத்தில் முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டியவன் நான். ஏழாவது வாரம் ஆசிரியர் மாறினார், பையன் நின்றுவிட்டான், பணம் வரவில்லை. நிதி ஆலோசகன் என்று போர்டு மாட்டிக்கொண்டு நான் செய்த காரியம் அது. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தரவேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. பணம் கட்டுமுன் அவர்களுடைய ரசீதில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 'வட்டியில்லா தவணை' என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். வகுப்புக்குப் போவதை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

அப்பாவின் எஃப்.டி.க்கு வருவோம். முதிர்வுக்கு முன் உடைத்தால் வங்கி வட்டியில் பிடித்தம் செய்யும், அது பெரிய விஷயமில்லை. ஓய்வுபெற்றவர் கையில் இருக்கும் 3 லட்சம் என்பது நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிவந்தால் எடுக்கவேண்டிய பணம். தம்பிக்கு இன்னும் இரண்டு வருஷக் கட்டணமாவது இருக்கும். அப்பா ஆசையாகத் தருகிறார் என்பது புரிகிறது. வாங்காதீர்கள்.

அதற்குப் பதிலாக, இந்த மாதமே உங்கள் பெயரில் மாதம் 10,000 ரூபாய் ஆர்.டி. ஒன்று தொடங்குங்கள். பதினோரு மாதத்தில் 1,10,000மும் வட்டியும் இருக்கும். இது எதற்கு என்றால், ஏப்ரல், மே மாதத்தில் இடம் கிடைத்ததும் கல்லூரி ஒரு தொகையைச் சில நாளிலேயே கட்டச் சொல்லும். கல்விக் கடன் அதற்குள் கைக்கு வராது. அந்த வாரத்தில்தான் பல வீடுகளில் நகை அடகுக்கடைக்குப் போகிறது. விண்ணப்பச் செலவையும் மறக்கவேண்டாம். கேட் கட்டணம் 2024இல் பொதுப் பிரிவினருக்கு 2,500. எல்லா ஐ.ஐ.எம்.களுக்கும் அந்த ஒரே தேர்வு போதும். மற்ற கல்லூரிகள் தனித்தனியாக விண்ணப்பக் கட்டணம் வாங்கும், ஆசைக்குப் பத்து இடம் போட்டால் அதுவே பெரிய தொகையாக வந்துநிற்கும். நாலைந்தோடு நிறுத்துங்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அந்த வழியில் சேரும் அரசுக் கல்லூரிகளில் கட்டணம் ஐ.ஐ.எம். கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது.

இடம் கிடைத்த பிறகு வரும் கடனையும் இப்போதே பார்த்துவிடலாம். 20 லட்சம் ரூபாய், ஒன்பதரை சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 25,900. இன்று நீங்கள் வாங்கும் சம்பளம் கிட்டத்தட்ட முழுசாக அதற்கே போகும். அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது 'அதிகபட்சச் சம்பளம் 60 லட்சம்' என்ற விளம்பரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் வாங்கும் சம்பளம் அது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் தகுதிப் பட்டியலில் இருந்தால், பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்திலும் அதையடுத்த தவணை விலக்குக் காலத்திலும் 3 சதவீத வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பி.எஃப். பணத்தை எடுக்கவேண்டாம். வேலையை விடாவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை. நாளைக்குப் படிக்கப் போகும்போதும் எடுக்காதீர்கள். ஐந்து வருஷம் முடியுமுன் எடுத்தால் அது வரிக்கு உட்படும். பி.எஃப்.புக்கான உங்கள் யு.ஏ.என். எண்ணையும் அதோடு இணைத்த போன் நம்பரையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எம்.பி.ஏ. முடித்துச் சேரும் கம்பெனிக்குப் பணத்தை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.