பிரிட்டனில் ‘பிப்’ எனப்படும், நீண்டகால நோயோ குறைபாடோ உள்ளவர்களுக்கான அரசு உதவித்தொகைக்கு மதிப்பீட்டைச் செய்த தனியார் நிறுவனம் அறிக்கையைத் தவறாக எழுதியிருந்தால் யார் பொறுப்பு? என்ன செய்வது?

சட்டப்படி பொறுப்பு வேலை, ஓய்வூதியத் துறைக்கு, அதாவது டிடபிள்யூபிக்குத்தான். உங்களைக் கேள்வி கேட்ட நர்ஸோ பிசியோதெரபிஸ்டோ தனியார் நிறுவனத்தின் ஆள். அவர் எழுதுவது வெறும் ஆலோசனை. புள்ளி போட்டு முடிவெடுப்பவர் துறையின் கேஸ் மேனேஜர். ஆனால் அவர் உங்களைப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் அறிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். கேட்டால் துறை நிறுவனத்தைக் கைகாட்டும். நிறுவனமோ முடிவு தன்னுடையது இல்லை என்று ஒதுங்கிக்கொள்ளும்.

நிறுவனங்கள் மாறியும் இது மாறவில்லை. வேலை செய்யும் திறனைப் பார்க்கும் வேறொரு மதிப்பீட்டிலிருந்து அட்டோஸ் விலகி, 2015-இல் மாக்சிமஸ் வந்தது. பிப் மதிப்பீட்டை அட்டோஸும் கேபிடாவும் நடத்திய காலத்தில், இரண்டுமே தர இலக்கை எட்டவில்லை என்று 2018-இல் நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. ஸ்காட்லாந்து மட்டும் இந்த வேலையைத் தனியாரிடம் விடக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. சரியான முடிவு.

இனி செய்ய வேண்டியது. ஆத்திரத்தில் முதலில் நிறுவனத்துக்குப் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். புகார் வேறு, மேல்முறையீடு வேறு. புகாரால் முடிவு மாறாது, அதற்காகக் கெடுவும் நிற்காது. முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 1 மாதத்துக்குள் ‘கட்டாய மறுபரிசீலனை’ (முடிவை மீண்டும் பார்க்கும்படி டிடபிள்யூபியிடமே கேட்பது) கேட்டாக வேண்டும். நல்ல காரணம் இருந்தால் 13 மாதம் வரை தாமதத்தை ஏற்கலாம்தான், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

கடிதம் வந்த அன்றே டிடபிள்யூபிக்குப் போன் செய்து மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அந்த அறிக்கைப் படிவத்தின் பெயர் பிஏ4, அப்படிச் சொன்னால் புரியும். வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். ‘கார் ஓட்டுகிறார், எனவே கையால் பிடிக்கும் வலிமை நன்றாக உள்ளது, சமைக்க முடியும்’ என்கிற மாதிரி வரிகள்தான் புள்ளியைத் தின்பவை. வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள், எவ்வளவு தூரம், கியர் ஆட்டோமேட்டிக்கா என்று மதிப்பிட்டவர் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள். ‘அறிக்கை பொய்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை.

பிப் விதிமுறைகளின் 4(2ஏ) பிரிவுதான் உங்கள் பிடிமானம். ஒரு காரியத்தைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையானபோதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியாவிட்டால் அதை முடியாது என்றே கணக்கிட வேண்டும். நியாயமான நேரம் என்றால் அந்தக் குறைபாடு இல்லாத ஒருவருக்கு அதிகபட்சம் ஆவதைப் போல இரண்டு மடங்குக்குள். அவருக்கு 30 நிமிடத்தில் ஆகும் எளிய சமையலுக்கு உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், அது முடியாத காரியம். பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் அப்படி என்பதையும் சொல்லுங்கள். பிப்பில் அன்றாட வாழ்க்கை, நடமாட்டம் என்று இரண்டு பகுதிகள்; ஒவ்வொன்றிலும் சாதாரண விகிதத் தொகைக்கு 8 புள்ளி, உயர் விகிதத்துக்கு 12. ஒரு தவறான வரி 2 புள்ளியைக் குறைத்தால் 8 ஆறாகி, அந்தப் பகுதிக்கான தொகையே போய்விடும்.

மறுபரிசீலனையில் மாறாவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். அந்தப் பதிலின் தேதியிலிருந்து 1 மாதத்துக்குள் துறையைச் சாராத தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யச் சொல்லாமல் நேர்விசாரணையே கேளுங்கள். விசாரணைக்கு வரும் பிப் வழக்குகளில் பாதிக்கும் மேல் மனுதாரருக்குச் சாதகமாகவே முடிகின்றன. துறை முடிவெடுத்த நாளில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதைத்தான் தீர்ப்பாயத்தார் பார்ப்பார்கள். ஆகவே அந்தக் காலத்து மருத்துவக் கடிதங்களைக் கொடுங்கள். ஏற்கெனவே ஓரளவு தொகை கிடைத்தால், அதுவும் குறைய வாய்ப்புண்டு என்பதை யோசித்துவிட்டுப் போங்கள்.

புகாரையும் கைவிட வேண்டியதில்லை, தனியாக ஓடட்டும். முதலில் நிறுவனத்துக்கு, அதன் இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள் இன்டிபென்டன்ட் கேஸ் எக்ஸாமினர் என்ற புகார் ஆய்வாளருக்கு, பிறகு உங்கள் எம்பி வழியாக நாடாளுமன்ற ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளருக்கு. நடக்காத பரிசோதனையை நடந்ததாக எழுதியிருந்தால், மதிப்பிட்டவர் நர்ஸ் என்றால் என்எம்சியிலும், பிசியோதெரபிஸ்ட் என்றால் எச்சிபிசியிலும் முறையிடலாம்; இவை அந்தத் தொழில்களைக் கண்காணிக்கும் அமைப்புகள். அடுத்த மதிப்பீட்டுக்கு முன்பே ஒலிப்பதிவு வேண்டும் என்று கேட்டு வையுங்கள். பதிவு கையில் இருந்தால், அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதில் யாரும் வாதாட முடியாது.