தயிர் சாதத்தில் ஒரு கடுகு

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. 3 வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். தாளிக்காத தயிர் சாதம், மொறுமொறு தோசை, அப்பளம், ஒரே பிராண்ட் பிஸ்கட் – இவ்வளவுதான் அவன் சாப்பாடு. சாம்பார் கிண்ணத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஓங்கரிக்கிறான். தயிர் சாதத்தில் ஒரு கடுகு கிடந்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறான். "ரெண்டு நாள் பட்டினி போடு, தானா வழிக்கு வருவான்" என்கிறார் மாமியார். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று உறவுக்காரர்கள் பேசுகிறார்கள். என்ன செய்யட்டும் மேடம்?
– பெயர் வெளியிட வேண்டாம், காரைக்குடி

பதில்: முதலில் அந்தப் பட்டினி யோசனையை விட்டுவிடுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குப் பசி என்ற உணர்வே சரியாக எட்டுவதில்லை. பசித்தாலும், குமட்டுகிற பொருளைத் தின்பதைவிட வெறும் வயிற்றோடு இருப்பதே மேல் என்று இருந்துவிடுவார்கள். உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

அப்புறம், இது உங்கள் செல்லத்தால் வந்ததும் இல்லை. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே சாப்பாட்டுச் சிக்கல் வந்துவிடுகிறது. ஒலி, மணம், தொடுதல் போன்றவற்றை அளவுக்கு மீறியோ குறைவாகவோ உணர்வதை, மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது.

அவன் சாப்பிடுகிற நான்கையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். தோசை, அப்பளம், பிஸ்கட் மூன்றும் காய்ந்தவை. கடித்தால் சத்தம் வரும். முதல் கடியும் கடைசிக் கடியும் ஒன்றுபோல இருக்கும். தயிர் சாதம் வேறு வகை. ஆனால் அதிலும் ஒரே வெள்ளை, ஒரே குழைவு. இப்போது சாம்பாரைப் பாருங்கள். நீர்த்த பருப்பு, முருங்கைக்காய் நார், தக்காளித் தோல், கத்திரிக்காய் விதை, கறிவேப்பிலை. ஒரு கரண்டிக்குள் இத்தனை. நேற்று வைத்த சாம்பார் போலவே இன்றைய சாம்பார் இருப்பதுமில்லை. சோற்றில் கல் கடிபட்டால் நமக்கு வாய் எப்படிச் சட்டென்று நின்றுவிடுகிறது? அவனுக்குக் கடுகு அப்படித்தான். அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறான்.

அதனால் அந்த நான்கு உணவும் நமக்குச் சொத்து. அதற்குள் எதையும் ஒளித்து வைக்காதீர்கள். சத்து டானிக்கைத் தயிர் சாதத்தில் கலந்து ஏமாற்றலாம் என்று தோன்றும். மதுரையில் நான் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைப் பழக்கும் பயிற்சி) கொடுக்கும் பையன் ஒருவன் இட்லியில் கேரட் துருவலைக் கண்டுபிடித்தான். அன்றோடு இட்லியே போய்விட்டது. மருந்தைத் தனியாக, இது மருந்து என்று சொல்லியே கொடுங்கள்.

புதிய உணவை அவன் ஏற்கெனவே விரும்புவதிலிருந்தே தொடங்குங்கள். மாற்றம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதே தோசையைச் சின்னதாக வார்த்துக் கொடுங்கள். அது பழகியதும் ராகி கலந்த மெல்லிய தோசை. மாவைக் கலக்கும்போது அவனும் பார்க்கட்டும். அப்பளத்திலிருந்து வடகத்துக்கும், அங்கிருந்து வாழைக்காய் வறுவலுக்கும் போகலாம். வெண்டைக்காய் வழவழப்பாக இருந்தால் தொடவே மாட்டான். மெலிதாக நறுக்கி மொறுமொறுவென்று வறுத்தால் ஒருநாள் தொடக்கூடும்.

தொடுவதே பெரிய படி. முதலில் அது வேறொரு தட்டில், அவன் கண்ணில் படும்படி இருந்தால் போதும். பிறகு அவன் தட்டின் ஓரம், விரல், மூக்கு, நுனிநாக்கு. துப்புவதற்கு ஒரு கிண்ணத்தைப் பக்கத்திலேயே வையுங்கள், துப்பினால் திட்டாதீர்கள். துப்பலாம் என்று தெரிந்த குழந்தைதான் துணிந்து வாயில் வைக்கும். சாதாரணக் குழந்தைகளுக்கே ஒரு புதிய உணவு பழகப் பத்துப் பதினைந்து முறை ஆகலாம். இவனுக்கு இன்னும் கூடும். "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவதும் அவனுக்கு வற்புறுத்தல்தான்.

தாளிக்கும் நெடியும் மிக்ஸி சத்தமும் அடங்கிய பிறகு சாப்பிட உட்கார வையுங்கள். நாற்காலியில் கால் தொங்கினால் உடம்பைச் சமாளிப்பதிலேயே கவனம் போய்விடும். சுவரோரம் தரையில் உட்காரட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல், சொத்தைப் பல், எதுக்களிப்பு இருந்தாலும் குழந்தை சாப்பாட்டை ஒதுக்கும். அதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை இருக்காது. அவன் பட்டியலில் வைட்டமின் சி அநேகமாக இல்லை, இரும்புச்சத்தும் குறைவு. இப்படி நாலைந்து உணவிலேயே இருந்த குழந்தைகள் கால் வலித்து நடக்க மறுத்து, கடைசியில் அது வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் என்று தெரிந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. ஈறில் ரத்தம், கால் வலி, எடை குறைவு – எது தெரிந்தாலும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான ஆரம்பகட்ட சிகிச்சை மையம் அது, கட்டணம் இல்லை.

மாமியாரோடு சண்டை வேண்டாம். பேரன் இளைக்கிறானே என்ற பயத்தில் சொல்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் அவனுடைய தயிர் சாத டப்பாவைக் கூச்சப்படாமல் எடுத்துப் போங்கள்.

கேள்வி: கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகிவிடும் என்கிறார்களே? மகளுக்கு 6 வயது.
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: ஆகாது. அப்படிச் சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. பால் ஒவ்வாமையோ, கோதுமையால் வரும் சீலியாக் நோயோ இருப்பதாக மருத்துவர் சொன்னால் நிறுத்த வேண்டியதுதான், அது வேறு விஷயம். உங்கள் மகள் என்னென்ன சாப்பிடுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. சப்பாத்தியும் பாலும்தான் அவளுடைய முக்கிய உணவு என்றால், அவற்றை நிறுத்திய பிறகு அவள் தட்டில் என்ன மிச்சம் இருக்கும் என்று பாருங்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால், கால்சியத்துக்கு மாற்று என்ன என்று இந்த வாரமே ஒரு மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள்.