ஸ்டீம் அயன் கேள்வி பதில்: அடித்தட்டு முதல் பனடோல் வரை

கொழும்பில் மின்னழுத்தி திருத்துவது என் தொழில். ஸ்டீம் அயன் வாங்குவது பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். வந்த ஒழுங்கிலேயே பதில் எழுதுகிறேன். எந்தக் கம்பனி நல்லது என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது.

வெள்ளவத்தை வாசகி: ஐயா, கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நொன்-ஸ்டிக், செரமிக், டைட்டேனியம் என்று நான்கு அடித்தட்டுகளைக் காட்டினார்கள். எதை எடுப்பது?

திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் நான்கிலும் ஒரே பொருள்தான் இருக்கும்: வார்ப்பு அலுமினியம். சூடேற்றும் கம்பியும் தண்ணீர் ஆவியாகும் அறையும் அதற்குள்ளேயே அமைந்திருக்கும். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடப் பத்து மடங்குக்கும் மேல். முழுத்தட்டையும் ஸ்டீலில் செய்தால் கம்பி ஓடும் இடம் கொதிக்கும், நுனி ஆறிக் கிடக்கும். ஆகவே பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது துணியைத் தொடும் மேற்படையின் பெயர் மட்டுமே.

ஸ்டீல் தகடு முரட்டுப் பிள்ளை. பட்டனும் ஸிப்பும் பட்டாலும் தாங்கும், அழுக்குப் பிடித்தால் அழுத்தித் துடைக்கலாம். ஆனால் சூடு கூடிப் பொலியெஸ்டர் உருகினால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நொன்-ஸ்டிக்கில் எதுவும் இலகுவில் ஒட்டாது. ஆனால் ஜீன்ஸ் ஸிப்பின் ஒரு பல் போதும், கோடு விழுந்துவிடும். பிறகு அந்தக் கோட்டில்தான் கஞ்சி பிடித்துக் கருகும். செரமிக் நன்றாக வழுக்கும், கீறலையும் ஓரளவு தாங்கும். கீழே விழுந்தால் மட்டும் நுனியில் சில்லுப் பெயரும், பெயர்ந்த விளிம்பு சேலையின் நூலை இழுக்கும். டைட்டேனியம் என்பது பெரும்பாலும் பூச்சில் சேர்த்த ஒரு பொருள். அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பள்ளிச் சீருடையும் பருத்திச் சட்டையும் நிறைய உள்ள வீடென்றால் ஸ்டீல். பொலியெஸ்டர், ஜோர்ஜெட் அதிகமென்றால் செரமிக். கடையிலேயே தட்டைத் திருப்பி, ஆவித் துளைகளின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். பூச்சு துளைக்குள் மடிந்து இறங்கியிருக்க வேண்டும். விளிம்போடு நின்றுவிட்டால், உரிவது அங்கேதான் தொடங்கும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: பழைய வீடு. 5 அம்பியர் பொயின்ட் மட்டுமே அறையில் இருக்கிறது. அடாப்டர் போட்டு 2400 வாட் அயன் பாவிக்கலாமா?

கூடாது. 2400ஐ 230ஆல் வகுத்துப் பாருங்கள், 10 அம்பியருக்கு மேல் வரும். 5 அம்பியருக்குப் போட்ட வயர் சுவருக்குள் காய்ந்துகொண்டிருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. என்னிடம் வருகிற அயன்களில் பலவற்றுக்குத் தட்டில் ஒரு குறையும் இருக்காது, செருகிதான் உருகியிருக்கும். மின்பணியாளரைக் கூப்பிட்டுப் புவித்தொடுப்போடு கூடிய 13 அம்பியர் சதுரமுனைப் பொயின்ட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மல்டி பிளக்கும் கூடாது. இதை இன்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

தெஹிவளை வாசகி: குழாய்த் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு படியுமா?

கொழும்புக்கு வருவது அம்பத்தளையில் சுத்திகரித்த களனி ஆற்று நீர், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீர். இவற்றில் சுண்ணாம்பு குறைவு, தாராளமாக ஊற்றலாம். இதே அயனை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் கதை வேறு. அங்கே நிலமே சுண்ணாம்புக் கல், துளைகளில் வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கே காய்ச்சி வடித்த நீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம், கையேடு தடுக்காவிட்டால். கடும் வரட்சியில் களனி ஆற்றில் கடல்நீர் ஏறி உப்புக் கரிக்கிற நாட்களிலும் அப்படியே. கொதிக்கவைத்தால் உப்புப் போகாது. வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்: ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்?

சுண்ணாம்பு இல்லை, தூசும் பூஞ்சையும் உண்டு. வெள்ளைச் சட்டையில் மண்ணிறப் புள்ளி வேண்டுமானால் ஊற்றுங்கள்.

வத்தளை வாசகர்: எந்தப் பிராண்டு அண்ணா நல்லது?

மேலே பார்க்கவும்.

கல்கிசை வாசகி: வீட்டில் கிளி வளர்க்கிறோம். நொன்-ஸ்டிக் புகை பறவைக்கு ஆகாதாமே?

நல்ல கேள்வி. அந்தப் பூச்சு 327 பாகையில்தான் உருகும். அயனின் சூட்டுத் திருகியில் மூன்று புள்ளி என்பது ஏறத்தாழ 200 பாகை. அடுப்பில் வெறுமையாகக் காயவிட்ட நொன்-ஸ்டிக் சட்டிதான் கிளிக்கு எமன். அயன் போடும் அறையில் கூண்டை வைக்காதிருந்தால் போதும்.

மருதானை வாசகர்: தட்டில் கருகிப் பிடித்ததைப் பனடோல் வில்லையால் தேய்த்தால் போகும் என்கிறார்கள். உண்மையா?

போகும். அதற்காகச் செய்யச் சொல்லவில்லை. பனடோலில் இருக்கும் மருந்தான பரசிட்டமோல் 169 பாகையில் உருகும். முழுச்சூட்டில் இருக்கும் தட்டில் வைத்தால் திரவமாகிக் கருக்கை இளக்கும், துணியால் துடைத்துவிடலாம். கூடவே புகையும் வரும். அதை முகத்துக்கு நேரே வைத்து இழுக்கிறீர்கள், விரலோ 200 பாகைத் தட்டுக்கு ஓரங்குலம் தள்ளி நிற்கிறது.

மட்டக்குளி வாசகி: என் அம்மா காலமெல்லாம் இப்படித்தான் செய்கிறார். ஒன்றும் ஆகவில்லையே!

அம்மாவின் அயன் ஸ்டீல் தட்டு அல்லது வெறும் அலுமினியத் தட்டாக இருக்கும். தட்டு பிழைக்கும், நான் பேசியது மூச்சைப் பற்றி.

கிராண்ட்பாஸிலிருந்து ஒரு மருந்தாளர்: மருந்தை மருந்தாகப் பாவியுங்கள். புகைக்குப் பயந்தால் ஆஸ்பிரின் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள் பாருங்கள்.

மருதானை வாசகர்: ஆஸ்பிரின் என்றால் சரியா?

மருந்தாளருக்கு வாக்குப் பலித்துவிட்டது. ஆஸ்பிரின் சூட்டில் சிதைந்து காடிப் புளிப்பைக் கக்கும். வேண்டாம்.

மட்டக்குளி வாசகி: அப்படியானால் உப்பு? கடதாசியில் உப்பைத் தூவி மேலே ஓட்டினால்?

ஸ்டீலில் ஓட்டுங்கள். பூச்சுள்ள தட்டில் உப்பு அரத்தின் வேலையைச் செய்யும். பூச்சுத் தட்டுக்குச் செய்ய வேண்டியது இதுதான்: செருகியைக் கழற்றி, தட்டு இளஞ்சூட்டுக்கு இறங்கியதும், ஈரத்துணியில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் துடையுங்கள். ஒரே துடைப்பில் போகாது, பொறுமை வேண்டும். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பனடோல் விவகாரம் இத்துடன் முடிகிறது.

இரத்மலானை வாசகி: கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்கு ஆவி விடலாமா? எனக்கு மண்ணிறக் கறை விழுகிறது.

ஆவியை மூடுங்கள். கஞ்சியின் மொடமொடப்பு ஆவியில் தளர்ந்துவிடும். சேலை முழுதாகக் காயும் முன், கையில் இலேசாக ஈரம் தட்டும்போதே எடுத்து, மறுபக்கத்தில் ஸ்திரிக்கை போடுங்கள். கறை உங்கள் கஞ்சியால்தான்: வடிகட்டாத கஞ்சியில் சோற்றுப் பருக்கையின் துணுக்கு இருக்கும், அது தட்டில் ஒட்டிக் கருகி அடுத்த மடிப்பில் கோடு இழுக்கும். மெல்லிய துணியில் வடித்து எடுங்கள். முந்தானைக்குப் போகும் முன் தட்டை ஒருமுறை துடையுங்கள்.

நாரஹேன்பிட்டி வாசகர்: புது அயன், ஆனால் துளைகளால் தண்ணீர் ஒழுகுகிறது. பழுதா?

பெரும்பாலும் அவசரம். தட்டுச் சூடேறும் முன் ஆவியைத் திறந்தால் தண்ணீர் தண்ணீராகவே வரும். இரண்டு புள்ளிக்குக் கீழே ஆவி வேண்டாம், விளக்கு அணையும் வரை காத்திருங்கள். அதற்குப் பிறகும் ஒழுகினால் உத்தரவாதச் சீட்டோடு வாங்கிய கடைக்குப் போங்கள்.

கொம்பனித்தெரு வாசகர்: மல்டி பிளக் நல்ல தரமானது என்றால் அயன் போடலாம்தானே?

கொட்டாஞ்சேனைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். மெதுவாக, இரண்டு தடவை.

கிருலப்பனை வாசகி: சரிகைப் பட்டுச் சேலை?

ஒரு புள்ளிச் சூடு, மறுபக்கம், மேலே மெல்லிய பருத்தித் துணி. தண்ணீர் தெளிக்க வேண்டாம். தட்டு என்னவாக இருந்தாலும் இதே விதிதான்.

வத்தளை வாசகர்: பிராண்டைச் சொல்லாவிட்டாலும் விலையையாவது சொல்லுங்கள் அண்ணா.

விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது தம்பி. புறக்கோட்டைக்குப் போய் மூன்று கடையில் கேளுங்கள்.

தெமட்டகொடை வாசகர்: அப்பப்பாவின் கரி போடும் ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்று இருக்கிறது. விலைக்கு எடுப்பீர்களா?

இல்லை. பித்தளையில் செய்தது என்றால் மட்டும் படம் அனுப்புங்கள்.