சிரட்டையும் சீரியலும்

"அக்கா, பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு இரண்டு வயது. போன் காட்டினால்தான் சோறு இறங்குகிறது. அவர் துபாயில், எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு அறை நிறைய விளையாட்டுச் சாமான் கிடக்கிறது, ஐந்து நிமிடம்கூட ஒன்றில் நிற்கமாட்டான். ஹாலில் மாமி சீரியல் பார்க்கும்போது அங்கேயே சுற்றுவான், ஆனால் டிவியைப் பார்ப்பதில்லை. போனை மறக்க இன்னும் என்ன வாங்கலாம்? தமிழும் மலையாளமும் கலந்து பேசினால் குழம்புவானா?"

அன்புள்ள தங்கச்சிக்கு,

குழம்பமாட்டான். நம்ம எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் வளர்கிறார்கள், அதை விடுங்கள். போனுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதுதான் கணக்கு: ஒரு வயதில் வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அப்பாவோடு வீடியோ காலில் கொஞ்சுவதை இதில் சேர்த்துக் கவலைப்படாதீர்கள்.

ஆனால் ஒரு அறை நிறைய வைத்துக்கொண்டு இன்னும் என்ன வாங்கலாம் என்று கேட்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நான்கே சாமான் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் அதிக நேரம் விளையாடினார்கள், விதவிதமாகவும் விளையாடினார்கள், பதினாறு இருந்தபோது அப்படி இல்லை. நாலைந்தை வெளியே வையுங்கள், மற்றதை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள்.

எங்கள் பாட்டி, அம்மச்சி என்போம், களியக்காவிளை வீட்டில் தேங்காய் துருவி முடித்ததும் சிரட்டையின் விளிம்பை அம்மிக்கல்லில் உரசி வழுவழுப்பாக்கி, ஒரு சட்டியில் கொஞ்சம் தண்ணீரோடு அடுக்களை வாசலில் தம்பிக்குக் கொடுப்பார். கண் இருக்கும் பாதியில் தண்ணீர் நிற்காதே. அவன் கோருவான், அது ஒழுகும், கீழே குனிந்து பார்ப்பான், விரலால் கண்ணை அடைப்பான், எடுப்பான், மறுபடி அடைப்பான். அம்மச்சி மீன் அறுத்துக்கொண்டே பக்கத்தில் இருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். நாமோ "இது என்ன கலர், சொல்லு மோனே" என்று நடுவில் பாய்கிறோம், அதோடு அவன் கவனம் போச்சு. (தண்ணீர் என்றால் கையெட்டும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும், முடிந்ததும் கவிழ்த்துவிட வேண்டும். புளியங்கொட்டை, மஞ்சாடி விதை, பட்டன் பேட்டரி எதுவும் அவன் கைக்கு எட்டக்கூடாது.)

சரி, டிவிக்கு வருகிறேன். பார்ப்பதில்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்காவிட்டாலும் கெடுக்கும் தங்கச்சி! 2008-இல் வந்த ஓர் ஆய்வில், ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகள் விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். பிள்ளைகள் அவ்வப்போது சில விநாடிகள் நிமிர்ந்து பார்த்ததோடு சரி. அப்படியும் விளையாட்டு துண்டு துண்டானது, ஒன்றில் ஊன்றி நிற்கும் நேரம் குறைந்தது. உங்கள் மகன் ஐந்து நிமிடம் நிற்காதது அவன் குணம் என்று நீங்கள் நினைக்கலாம், நான் முதலில் அந்த ஹாலைத்தான் சந்தேகிப்பேன். யாரோ அழுகிறார்கள், திடீரென்று இடி மாதிரி இசை, உடனே சோப்பு விளம்பரம். அந்தச் சத்தத்தில் உங்களுக்கு ஆபீஸ் வேலை ஓடுமா? அவனுக்கும் அது வேலைதான். போனைப் பிடுங்கிவிட்டு டிவியை ஓடவிட்டால் என்ன பிரயோசனம்?

சாப்பாட்டுக்குப் போனை நிறுத்தினால் சில நாள் அழுவான், நீங்களும் அழுவீர்கள். உங்களோடு உட்கார வைத்து அவன் கையாலேயே அள்ளவிடுங்கள், சிந்தட்டும். எடை குறைகிறது என்று தோன்றினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நாள் முழுக்க பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மனுஷி, அவருக்கு இருப்பது அந்த ஒன்றுதான். மதியம் அவன் உறங்கும்போது மறு ஒளிபரப்பு வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டிவியை அவர் அறைக்கு மாற்றிக் கொடுங்கள்.