சினைக் கணவாய் ஏன் சாகிறது?

கேள்வி: சந்தையில் கணவாய் வெட்டித் தந்த ஐயா, உள்ளே இருந்த இரண்டு வெள்ளைக் கட்டிகளைக் காட்டி, "இது சினை பிள்ளை, கறிக்குள்ள போடுங்கோ. முட்டை போட்டா இது செத்துப்போயிடும்" என்றார். முட்டை போட்டதற்காகவா ஒரு உயிர் சாகும்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: ஐயா சொன்னதில் பாதி சரி. சாவு உண்மை, சினைதான் பிழை. அந்த வெள்ளைக் கட்டிகள் முட்டைக்கு மேலுறை செய்யும் சுரப்பிகள். அடுத்த முறை வடிவாகப் பாருங்கள், வால் பக்கமாக, வெந்த சவ்வரிசி போல மணி மணியாகக் குவிந்திருப்பதுதான் சினை. ஐயாவைக் கோபிக்க வேண்டாம், ஸ்பெயினின் தெற்கிலும் இந்தச் சுரப்பியைச் சினை என்றுதான் விற்கிறார்கள்.

சரி, சாவுக்கு வருவோம். பிள்ளை பார்த்துக் களைத்துச் சாகிறது என்று சிலர் சொல்வார்கள். பேய்க்கணவாய்க்கு, அதாவது ஒக்டோபசுக்கு, அது பொருந்துகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் அது சாப்பாட்டை விட்டுவிட்டு முட்டைக்குக் காவல் இருக்கும். கணவாயோ முட்டைகளை ஒவ்வொன்றாகப் பாசியிலோ கல்லிலோ ஒட்டிவிட்டுத் தன் பாட்டில் போய்விடும், ஆனாலும் சாகிறது. அப்படியென்றால் களைப்பு மட்டும் காரணமில்லை.

மரபணுக்கள் (உங்கள் பாடப் புத்தகத்துப் பரம்பரையலகுகள்) எல்லாக் கலத்திலும் ஒன்றுதான், எது எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் விஷயம். சூலகம் முதிரும்போது மஞ்சட்கருப் புரதத்துக்கான மரபணு மும்முரமாகும், அப்புறம் முட்டைக்கோதுக்கானவை. இந்த முதிர்ச்சியை முடுக்கிவிடுவது கண்ணுக்குப் பின்னால், மூளையை ஒட்டி இருக்கும் ஒரு சோடிச் சின்னச் சுரப்பி. 1977இல் வொடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டைக்குக் காவல் இருந்த பெண் ஒக்டோபசுகளில் அதை வெட்டி எடுத்தார். அவை காவலை விட்டுத் திரும்பச் சாப்பிடத் தொடங்கி, மாதக்கணக்கில் கூடுதலாக வாழ்ந்தன! அதாவது, முட்டைக்கு உடம்பைத் தயார்படுத்தும் அதே சுரப்பிதான் சாவுக்கும் வழி செய்கிறது. 2022இல் சிக்காகோ ஆய்வாளர்கள், இனச்சேர்க்கைக்குப் பிறகு அதே சுரப்பி கொலஸ்ட்ரோலைக் கையாளும் விதமே மாறுவதைக் கண்டார்கள். கணவாய்க்கும் இந்தச் சுரப்பி உண்டு. கடைசி நாட்களில் அதன் தோல் புண்ணாகி, கண் மங்கி, இரை பிடிக்கவும் தெம்பில்லாமல் மிதக்கும். கரையில் ஒதுங்கும் கடல்நுரை, கிளிக்கூட்டில் செருகுவோமே, அது அப்படிச் செத்த கணவாயின் ஓடுதான்.

வெள்ளைக் கட்டியைக் கறிக்குள் தாராளமாகப் போடலாம், ஆனால் கடைசியில் போடுங்கள், கூட வேகவிட்டால் இறப்பராகிவிடும்.