மறைந்திருக்கும் மார்பகப் புற்றுநோய்: மார்பகத்தை அகற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 52. அக்குளில் நெறி கட்டியதுபோல் இருந்த கட்டியைத் திசுப் பரிசோதனை செய்ததில் மார்பகப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. ஆனால் மேமோகிராமிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் மார்பகத்தில் எதுவும் தெரியவில்லை. ஒரு மருத்துவர் மார்பகத்தை அகற்றச் சொல்கிறார். இன்னொருவர் கதிர்வீச்சு போதும் என்கிறார். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் எது நல்லது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு மருத்துவர்களும் சொல்வது ஏற்கப்பட்ட சிகிச்சைகளே. மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வரும் இந்த நிலையை 1907-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பதிவு செய்துவிட்டார் என்றாலும், நோயாளிகள் மிகச் சிலரே என்பதால், இவ்விரு சிகிச்சைகளையும் நேருக்கு நேர் ஒப்பிடும் பெரிய ஆய்வு நடத்த இயலாமல், பழைய மருத்துவப் பதிவுகளைத் திரட்டியே முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 45 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட கட்டுரையில், மார்பகத்தை அகற்றியவர்களுக்கும் காத்துக்கொண்டவர்களுக்கும் உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து 2010-இல் வந்த ஆய்வில், அக்குள் நிணநீர்க் கணுக்களை (நெறி கட்டும் சிறு முடிச்சுகளை) நீக்கியதோடு மார்பகத்துக்கும் அறுவையோ கதிர்வீச்சோ பெற்றவர்களில் சுமார் 65 சதவீதத்தினர் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள்; இவை எதையும் பெறாதவர்களிடையே அது பாதிக்கும் சற்றுக் குறைவு. சிகிச்சை பெறாதவர்களில் உடல்நிலை இடம்கொடாதவர்களும் இருந்திருக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும், ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காக மார்பகத்தை அப்படியே விட்டுவிடுவதை நான் ஏற்க மாட்டேன். கண்ணுக்குப் புலப்படாத அந்த மூலக்கட்டி பின்னாளில் வளரும் வாய்ப்பு மிகுதி.

உண்மையில், நெடுங்கால விளைவைப் பெரிதும் முடிவு செய்வது எத்தனை நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருக்கிறது என்பதுதான். முன்சொன்ன 2001 ஆய்வில், மூன்று கணுக்கள் வரை பாதிக்கப்பட்டவர்களில் 87 சதவீதத்தினரும், நான்கோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களில் 42 சதவீதத்தினரும் ஐந்தாண்டு கடந்தார்கள். இது இன்றைய மருந்துகள் பல வருவதற்கு முந்தைய கணக்கு. ஆகவே இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

அறுவைக்கு முன்பே, ஹார்மோனால் புற்றணுக்கள் வளர வழிசெய்யும் ஹார்மோன் ஏற்பிகளும், மிகுந்தால் புற்றை வேகமாக வளர்க்கும் ஹெர்-2 புரதமும் கட்டியில் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். ஹார்மோன் ஏற்பி இருந்தால் ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு வரை ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை உண்டு. இவ்வகை நோய் ஐந்தாண்டுக்குப் பிறகும் திரும்பக்கூடும் என்பதால் நலமாக இருக்கும்போதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஹெர்-2 மிகுந்திருந்தால் அதைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி வழக்கமாக ஓராண்டு போடப்படும்.

மார்பகத்தை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு வேண்டியிராது என்றும் எண்ணிவிடாதீர்கள். நான்கு கணுக்களிலோ அதற்கு மேலோ பாதிப்பிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகும் தேவைப்படும். அக்காவுக்கு மார்பகத்தைக் காத்துக்கொள்ள விருப்பமும், சில வாரங்கள் தொடர்ந்து கதிர்வீச்சுக்குச் சென்றுவர வசதியும் இருக்குமானால், கதிர்வீச்சைத் தேர்ந்தெடுப்பதில் தயங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பின்னர் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்க வேண்டும். அக்குள் அறுவைக்குப் பின் கையில் வீக்கம் தென்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.