வீட்டின் மேல் கடன் வாங்கித் திரைப்படப் பள்ளி வேண்டாம்

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் திரைப்படத் தயாரிப்பாளராக வேண்டும் என்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் பாழ் என்று பெரியப்பாவும் மாமாவும் இரவுதோறும் தொலைபேசியில் எச்சரிக்கிறார்கள். ஆண்டுக் கட்டணமே 60,000 டாலரைத் தாண்டும் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் திரைப்படப் பள்ளியில் சேர்த்துவிட்டால் உறவினர் முன் தலைகுனிய வேண்டியிராது, அதற்கு வீட்டின் மேல் கடன் வாங்கவும் தயார், இது சரிதானே என்று அவர் கேட்கிறார்.

ஐயா, உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது சரியில்லை. அந்தப் பள்ளியின் பெயர் உங்கள் மகளுக்காகத் தேடப்பட்டதன்று. பெரியப்பாவுக்குச் சொல்லும் பதிலாகத் தேடப்பட்டது.

ராஜர் கார்மன் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரின் வாழ்க்கையை வீட்டில் எல்லோருமாக அமர்ந்து படியுங்கள். 1926-இல் டெட்ராய்ட்டில், ஒரு பொறியாளரின் மகனாகப் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் தொழில்துறைப் பொறியியல் பட்டம் பெற்று, மின்மோட்டார் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, நான்கே நாளில் அந்த வேலையை விட்டார். பிறகு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோவில் தபால் சுமக்கும் பையனாக, வாரம் 32.50 டாலர் சம்பளத்தில் நுழைந்தார். 1954-இல் சுமார் 12,000 டாலர் ரொக்கத்தைக் கொண்டு தம் முதல் படத்தைத் தயாரித்தபோது, லாரி ஓட்டியவரும் அவரே. ஒரு படத்தின் வசூல் கைக்கு வரும்வரை அடுத்த படத்துக்குக் காத்திருந்தால் தொழில் நடக்காது என்று கண்டுகொண்ட அவர், அடுத்த படத்தை விநியோக நிறுவனத்திடம் கொடுக்கும்போதே மேலும் சில படங்களுக்கான முன்பணத்தையும் ஒப்பந்தமாகக் கேட்டுப் பெற்றார். தயாரிப்பு என்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

1970-இல் அவர் தொடங்கிய நியூ வேர்ல்ட் பிக்சர்ஸில் உதவியாளராகச் சேர்ந்தவர் கேல் ஆன் ஹர்ட். ஸ்டான்ஃபோர்டில் அவர் படித்தவை பொருளாதாரமும் தகவல்தொடர்பும். தயாரிப்பு அலுவலகத்தில் படிப்படியாகத் தொழில் பழகிய அவர், 1984-இல் வெளிவந்த 'தி டெர்மினேட்டர்' படத்தின் தயாரிப்பாளரானார்.

இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது, யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத தயாரிப்பு அலுவலகத்தை. அங்கே நுழைவாயில் புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட் வேலை. மறுநாள் யார், எங்கே, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அச்சிட்ட கால்ஷீட்டை எல்லோருக்கும் சேர்ப்பது அவர்கள்தான் (நம் ஊரில் கால்ஷீட் என்றால் நடிகர் கொடுக்கும் தேதி, அங்கே அது அன்றாட வேலைத்தாள்). அடுத்த படியில் கோஆர்டினேட்டர்: வண்டிகள், காப்பீட்டுச் சான்றுகள், தெருவில் படம்பிடிப்பதற்கான அனுமதிகள் எல்லாம் அவர் மேசையில் இருக்கும். உதவி இயக்குநர்கள் திரைக்கதையின் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பங்காகப் பிரித்து, ஒரு நாளில் எத்தனை பங்கு எடுக்க முடியும் என்று கணித்து அட்டவணை போடுகிறார்கள். ஆறு மணி நேரத்துக்குள் உணவு இடைவேளை விடாவிட்டால் தொழிற்சங்க ஒப்பந்தப்படி அபராதம் கட்டவேண்டியிருக்கும் என்பதால், மதியச் சாப்பாடுகூட அந்த அட்டவணையில் ஒரு செலவுக் கணக்கு. தயாரிப்புக் கணக்காளரோ நேற்றைய செலவு திட்டத்தை மீறியதா என்று இன்று காலையிலேயே சொல்லிவிடுவார். இந்த மேசைகளிலிருந்து எழுந்தவர்கள்தான், படத்தின் அன்றாடச் செலவையும் வேலையையும் கட்டி நடத்தும் லைன் புரொடியூசர் ஆகிறார்கள்.

உங்கள் மகள் பள்ளி நாடகத்தில் மேடையேற மறுத்து, உடைச் செலவையும் ஒத்திகை நேரங்களையும் ஒரு நோட்டில் எழுதி நடத்தினாள் என்று கடிதத்தின் கடைசியில், குறைபட்டுக்கொள்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் முழுவதிலும் முக்கியமான வரி அதுதான்.

செலவைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன். உங்கள் ஊரிலேயே ஓலோனி என்ற சமுதாயக் கல்லூரி இருக்கிறது. கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு இத்தகைய கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர். அறுபது யூனிட்டுக்கு 2,760 டாலர். கணக்கியலும் பொருளாதாரமும் திரைப்பட அறிமுகமும் இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்தே படித்துவிட்டு, திரைப்படத் துறை உள்ள நார்த்ரிட்ஜ் அரசுப் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்துக்கு மாற்றலுக்கு விண்ணப்பிக்கட்டும். அது லாஸ் ஏஞ்சல்ஸிலேயே இருப்பதால், படிக்கும்போதே படப்பிடிப்புகளில் நாள்கூலிக்கு வேலை பார்க்கலாம்.

இந்தத் தொழிலில் ஒரு படம் முடிந்தால் வேலையும் முடிந்தது. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் 148 நாளும் நடிகர் சங்கம் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்தச் சங்கங்களைச் சேராத உதவியாளர்களும் வருமானமின்றி இருந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் கடன் தவணை இல்லாதவரால் அடுத்த படம் வரும்வரை தாக்குப்பிடிக்க முடியும். வீட்டையே அடகு வைத்த குடும்பத்தின் பிள்ளை, கிடைத்த வேறு வேலைக்கு ஓடித்தான் ஆகவேண்டும். ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்.

அடுத்த முறை பேசும்போது மகளும் உடன் இருக்கட்டும். அந்த நாடக நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாக அவளிடமே கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.